என் மாமனாரின் ஈ.எஸ்.ஆர்.

எழுபதுகளின் கடைசியில் நான் திருச்சி புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். கல்யாணமாகி வந்த புதிதில், மருமகள் லேபில் இருக்கிறாள் என்று வெளியே சொல்ல என் மாமனாருக்குக் கூச்சம். யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரி சம்பந்தமா ஏதோ" என்று சொல்லிவிட்டு மழை, தண்ணீர் என்று பேச்சை மாற்றிவிடுவார். ஊரார் மலத்தையும் மூத்திரத்தையும் பார்க்கிற உத்தியோகம் என்பது அவர் நினைப்பு. அதில் பொய்யும் இல்லை. அந்தக் கூச்சம் ஒரு ஐப்பசி மாதத்துக் காய்ச்சலோடு ஒழிந்தது.

மாமா ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுவதும் வரப்புத் தகராறுகளை அளந்து தீர்த்தவர். எதையும் அளந்தால்தான் நம்புவார். பால்காரர் ஊற்றுகிற பாலை அளப்பார், தையற்காரர் தைத்த சட்டையை அளப்பார். இந்த உலகத்தில் அவர் அளக்காமல் விட்டது அவருடைய உடம்பு ஒன்றைத்தான். அதற்கும் ஒரு அளவுகோல் உண்டு என்பது அந்த ஐப்பசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

அந்த மழையில் தெருவில் பாதி வீடுகளில் காய்ச்சல். மாமாவுக்கும் வந்தது. மேல்வலி, தலைவலி, வாய்க் கசப்பு. கண்டோன்மெண்டில் இருந்த ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். நானே எடுத்து, எங்கள் லேபிலேயே சோதித்து, மறுநாள் முடிவைக் கொண்டு போனேன்.

டாக்டர் படித்துவிட்டு, "வைரஸ் ஜுரம்தான் சார். லிம்போசைட்ங்கற வெள்ளையணு ஏறியிருக்கு, அதுக்குப் பொருந்துது. தானா போயிடும். கஞ்சி குடிங்க, நல்லா தூங்குங்க" என்றார்.

மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பட்டா சிட்டாவில் சர்வே நம்பரைத் தேடுகிற விரல் ஒரு வரியில் போய் நின்றது.

"ஈ.எஸ்.ஆர்.னு ஒண்ணு போட்டிருக்கே? ஐம்பத்தெட்டுன்னு?"

"உடம்பு சண்டை போட்டுக்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

"எவ்வளவு இருக்கணும்?"

"வாலிபத்துல பதினஞ்சுக்குள்ள இருக்கும். உங்க வயசுக்கு முப்பது வரைக்கும் பெருசா எடுத்துக்க மாட்டோம்."

"அப்ப இருபத்தெட்டு ஜாஸ்தி" என்றார் மாமா. ஆக்கிரமிப்பு எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்ட குரல் அது.

டாக்டர் சிரித்தார். "சார், தெருவுல மேளச் சத்தம் கேக்குதுன்னு வைங்க. கல்யாண மேளமா, சாமி புறப்பாடா, சாவு மேளமான்னு வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு சொல்ல முடியாது. எட்டிப் பாக்கணும். இது அந்த மாதிரி சத்தம். எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்து எட்டிப் பாத்துடுவோம்."

எட்டிப் பார்த்தோம். நெஞ்சு சுத்தமாக இருந்தது. காய்ச்சலும் அந்த வாரமே போய்விட்டது. அத்தை மிளகு ரசம் வைத்து, தலைக்கு ஊற்றிவிட்டாள். எங்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. மாமாவைப் பொறுத்தவரை அன்றுதான் ஆரம்பித்தது.

இந்த ஈ.எஸ்.ஆர். பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோதனைகளிலேயே எளிமையானது அதுதான். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து நீரைக் கலந்து, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அந்தக் காலத்தில் வாயால்தான் உறிஞ்சி ஏற்றுவோம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிவப்பு கீழே இறங்கி, மேலே வெளிறிய மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் இறங்கியதோ அதுதான் அளவு. உடம்பு எதையாவது எதிர்க்கும்போது ரத்தத்தில் ஒருவகைப் புரதம் கூடும். சிவப்பணுக்கள் காசு அடுக்கியது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கனம் தாங்காமல் விரைவாக இறங்கும். சளிக்கும் இறங்கும், காசத்துக்கும் இறங்கும், மூட்டு வலிக்கும் இறங்கும், புற்றுநோய்க்கும் இறங்கும். கர்ப்பிணிக்கும் இறங்கும். எதையும் குறிப்பிட்டுச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லும். அதனாலேயே எங்கள் தெருவுக்கு அது மிகவும் பிடித்துப் போனது.

காய்ச்சல் விசாரிக்க வந்தவர்களிடம் மாமா காய்ச்சலைப் பற்றிப் பேசவில்லை. "அது போயிடுச்சு. ஆனா ஈ.எஸ்.ஆர். ஐம்பத்தெட்டு" என்பார். வந்தவர்கள் முகம் மாறும். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததாலேயே பயம் கூடியது. ஒருவர், தம் சகலையின் அண்ணனுக்கு அறுபது இருந்ததாகவும் அவர் இப்போது இல்லையென்றும் சொன்னார். அவர் லாரியில் அடிபட்டுச் செத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

தொட்டியத்திலிருந்து மாமாவின் தம்பி வந்தார். வாழைத் தோட்டக்காரர். உலகத்தில் எந்த வியாதிக்கும் வாழையில் ஏதோ ஒரு பாகம் மருந்து என்பது அவர் கட்சி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரத்தம் இறங்குதா? வாழைத்தண்டுச் சாறு அடிங்கண்ணே. நின்னுடும்" என்றார். அடுத்த வாரம் முதல் துறையூர் போகும் லாரிகளைப் பிடித்து, சுற்றி வளைத்து, எங்கள் வீட்டுக்கு வாழைத்தண்டு வரத் தொடங்கியது. அத்தை காலையில் அதை நார் எடுத்து இடித்துச் சாறு பிழிவாள். மீந்தது கூட்டு. கூட்டு மீந்தால் ராத்திரிக்குப் பச்சடி. என் கணவர் பாங்கில் டிபன் பாக்ஸைத் திறக்கவே கூச்சப்பட்டார்.

மாமா மாதம் ஒருமுறை என்னிடம் கையை நீட்டினார். ஐம்பத்தெட்டு நாற்பத்தாறானது. பிறகு நாற்பது. அப்புறம் அங்கேயே நின்றது. முப்பதுக்குக் கீழே வரமாட்டேன் என்றது.

அவர் அதை ஒரு தவறான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார். தீர்ப்பு தவறென்றால் மேல்முறையீடு. ஒரே நாளில் எங்கள் லேபிலும், உறையூரில் ஒரு லேபிலும், சிங்காரத்தோப்புப் பக்கம் இன்னொரு லேபிலும் ரத்தம் கொடுத்தார். எங்களிடம் நாற்பது, உறையூரில் முப்பத்தைந்து, மூன்றாவதில் ஐம்பது. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. வெயில் ஏறினால் வேகம் ஏறும், குழாய் கொஞ்சம் சாய்ந்தாலும் ஏறும், இதெல்லாம் சகஜம் என்று விளக்கினேன். சாய்ந்தாலும் ஏறும் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் அவர் எங்கள் லேபுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, கையில் ஒரு துணிப்பை. லேப் முதலாளி சர்க்கார் வேலையில் இருந்து வெளியே வந்த டாக்டர். என் மாமனார் என்பதால் எழுந்து கும்பிட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. என் ரத்தம் இறங்குறதை நானே ஒரு தடவை நேர்ல பாத்துடலாம்னு" என்றார் மாமா.

ரத்தம் எடுத்தேன். குழாயில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தினேன். அவர் பையைத் திறந்து ஒரு தூக்குக் குண்டை வெளியே எடுத்தார். கொத்தனார்கள் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தத் தூக்குக் குண்டு. அப்போது கட்டிக்கொண்டிருந்த ராஜகோபுரத்தில் வேலை செய்கிற ஒரு கொத்தனாரிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறார். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நூலைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கிழக்கால ஒரு நூல் அளவு சாயுதே" என்றார். முதலாளி ஸ்டாண்டின் ஒரு காலுக்குக் கீழே ஒரு தீப்பெட்டி அட்டையை மடித்து வைத்தார்.

பிறகு மாமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு குழாய்க்கு எதிரே உட்கார்ந்தார். முழு ஒரு மணி நேரம். தம் ரத்தம் தம் கண் முன்னே இறங்குவதை இமை கொட்டாமல் பார்த்தார். காத்திருந்த நோயாளிகளில் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னங்க பாக்குறீங்க?" என்று கேட்டார். மாமா விளக்கினார். இன்னொருவர் வந்தார். அவருக்கும் விளக்கினார். நான் கல்லூரியில் படித்ததைவிட நன்றாகவே விளக்கினார் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மலம் மட்டும் சோதிக்க வந்திருந்த மூன்று பேர், "எங்களுக்கும் அந்த இறங்குறதைப் பாத்துடுங்க" என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டார்கள். மாமா புறப்படும்போது முதலாளி வாசல் வரைக்கும் வந்து, "அடிக்கடி வாங்க சார்" என்றார். அது மரியாதைக்குச் சொன்னது இல்லை.

அன்றைக்கு நாற்பத்தொன்று.

மாமாவுக்கு ஒரே ஒரு சிநேகிதர். பக்கத்து உத்திர வீதியில் இருந்த ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். கணக்கு வாத்தியாராக இருந்து ஹெட்மாஸ்டர் ஆனவர். பன்னிரண்டு திருமண் இட்டு, காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால்தான் அவருக்குக் காபி. இருவரும் சாயங்காலம் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரைக்கும் நடப்பார்கள். மாமாவுக்குச் சாமி நம்பிக்கை கொஞ்சம் மட்டு. அவருக்கு மாமாவின் அளவைகளில் நம்பிக்கை மட்டு. போகும்போது ஒருவர் பேசுவார், வரும்போது மற்றவர் பேசுவார். அப்படித்தான் அந்தச் சிநேகிதம் இத்தனை வருஷம் நின்றது.

ஈ.எஸ்.ஆர். வந்த பிறகு போகும்போதும் வரும்போதும் மாமாவே பேசினார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஹெட்மாஸ்டர் ஒருநாள் வீட்டுக்கு வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

"குழந்தே, எனக்கும் எடு. இவர் பேசறது என்னன்னு நானும் பாத்துடறேன்."

எடுத்தேன். முடிவு எட்டு.

எழுபதை நெருங்குகிற மனிதருக்கு எட்டு. நானே இரண்டு தடவை பார்த்தேன். மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஓய், கேட்டீரா? எட்டு! எட்டெழுத்து மந்திரம் சொல்றவனுக்கு எட்டுதான் வரும். பெருமாள் போட்ட மார்க்கு."

"வயசான காலத்துல ரத்தம் சோகையா இருந்தா..." என்று மாமா ஆரம்பித்தார்.

"சோகைன்னா நம்பர் ஏறுமாம், இறங்காதாம். உம்ம மாட்டுப்பொண்ணையே கேளும்."

மாமா என்னைப் பார்த்தார். "ஆமாம் மாமா" என்றேன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. வாழைத்தண்டுச் சாற்றையும் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் நடந்ததை இப்போது சொன்னால் நம்ப மாட்டார்கள். ஹெட்மாஸ்டரின் எட்டு தெருத் தெருவாகப் போனது. அவர் என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார் என்று ஆட்கள் விசாரித்தார்கள். அவர் வீட்டு மாமி ததியோன்னம் என்கிற தயிர்சாதத்தில் சுக்கு சேர்ப்பாள் என்று தெரிந்ததும் எங்கள் பக்கம் சுக்கு விலை ஏறியது. எனக்கும் மரியாதை கூடியது. லேபில் வேலை செய்கிற மருமகள் என்று மாமாவே முன்வந்து அறிமுகப்படுத்தினார். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடியே, "அக்கா, எனக்கு இருபத்திரண்டு. பயப்படணுமா?" என்று கேட்டார். ஒரு வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், ஜாதகம் பொருந்தியிருக்கிறது, பெண்ணின் ஈ.எஸ்.ஆரையும் தெரிவித்தால் நல்லது என்று சொல்லி அனுப்பினார்கள். பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவது. பெண்ணின் அப்பாவும் விடவில்லை, பிள்ளையின் ஈ.எஸ்.ஆரைத் திருப்பிக் கேட்டார். பிள்ளைக்கு முப்பத்தைந்து. கல்யாணம் நின்றுபோனது. பிள்ளைக்கு அந்த வாரம் வெறும் ஜலதோஷம்.

கண்டோன்மெண்ட் டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் மேளம்னுதானே சொன்னேன்? இவங்க மேளத்துக்கே கல்யாணம் பண்ணி வைக்கிறாங்களே!"

அத்தைக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. ஒருநாள் தண்டை நறுக்கிக்கொண்டே மாமாவிடம் சொன்னாள்: "உங்க ரத்தமாவது ஒரு மணி நேரத்துல இறங்கிடுது. நீங்கதான் ரெண்டு வருஷமா இறங்க மாட்டேங்கறீங்க."

இப்படியே எண்பதுகள் வந்துவிட்டன. ராஜகோபுரம் நிலை நிலையாக ஏறிக்கொண்டிருந்தது. மாமாவின் அளவு நாற்பதைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் ஒருமுறை பார்த்ததோடு சரி. முதல் மார்க் வாங்கியவன் எதற்கு மறுபடி பரீட்சை எழுத வேண்டும் என்பார்.

அவர் இளைக்கத் தொடங்கியதை முதலில் கவனித்தது மாமாதான். நடை முடிந்து வீட்டுக்கு வந்ததும், என் கணவர் காதில் விழாதபடி என்னிடம் சொன்னார். "நடக்கும்போது வேட்டியைப் புடிச்சுக்கிட்டே வர்றாரும்மா. இடுப்புல நிக்க மாட்டேங்குது. பாதி தூரத்துலயே உக்காந்துடறாரு. டாக்டர்கிட்ட போவோம்னா, 'எட்டு ஓய், எட்டு'ங்கறாரு."

மாமி ஒருநாள் என்னை வீட்டுக்கு அழைத்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை என்றாள். நெஞ்சுக்குக் கீழே ஏதோ அடைத்தது போல இருக்கிறதாம். ஹெட்மாஸ்டர் சாய்வு நாற்காலியில் இருந்தார். கழுத்து எலும்பு தெரிந்தது.

"டாக்டர் வேண்டாம். நீ ரத்தம் எடு. அதுல வந்தா பாப்போம்" என்றார் அவர்.

எடுத்தேன். எனக்குப் பயம். நூறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே குழாயை நிறுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுபடி ஏற்றிப் பார்த்தோம். பன்னிரண்டுதான்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் அக்காரவடிசல். "எட்டெழுத்துலேர்ந்து பன்னிரண்டு திருமண்ணுக்கு வந்திருக்கேன் ஓய்" என்று ஹெட்மாஸ்டர் சிரித்தார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் தொன்னையில் கொடுத்தாள். தெருவே நிம்மதியாகச் சாப்பிட்டது. அவர் மட்டும் ஒரு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, தொன்னையைக் கீழே வைத்துவிட்டார்.

மாமா அந்தத் தொன்னையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ஒரு டாக்சியைக் கொண்டுவந்து உத்திர வீதியில் நிறுத்தினார். "வாங்க சார், கண்டோன்மெண்ட் வரைக்கும் ஒரு ஜோலி. தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. எனக்காக வாங்க" என்று சொல்லி அவரை ஏற்றிவிட்டார். ரத்தப் பரிசோதனைத் தாளோடு நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டர் என் தாளை வாங்கினார், பார்த்தார், மேஜையில் வைத்தார். ஹெட்மாஸ்டரைப் படுக்கச் சொல்லி வயிற்றில் கை வைத்தார். ஒரு இடத்தில் அந்தக் கை நின்றது. இன்னொரு தடவை அதே இடத்துக்கு வந்தது. பிறகு கழுத்தின் இடது பக்கம் தடவிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். இரைப்பையில் கட்டி. சென்னைக்குப் போனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடி அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தடவை ஹெட்மாஸ்டர் இல்லாமல் மாமா கண்டோன்மெண்டுக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் குரல் நடுங்கியது. கோபத்திலா, அழுகையிலா என்று எனக்குத் தெரியவில்லை.

"பன்னெண்டுன்னு வந்துச்சே டாக்டர்? நாப்பது இருக்குற நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பன்னெண்டு இருக்குற மனுஷனுக்கு எப்படிங்க?"

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். பிறகு, "சார், உடம்பு சண்டை போட்டாத்தான் ரத்தத்துல தெரியும். சில கட்டி நம்ம வீட்டு ஆள் மாதிரியே உள்ள வந்து உக்காந்துக்கும். உடம்பு எதிரின்னே நினைக்காது. கதவைத் தொறந்து விட்டு, சாப்பாடும் போடும். அப்ப எங்கேயிருந்து சத்தம் வரும்?" என்றார்.

"அப்ப எனக்கு நாப்பது?"

"உங்களுக்கு வயசாகுது. மூட்டு வலி இருக்கு. பல்லு சொத்தை. உடம்பு எதுக்கோ கொஞ்சம் கொஞ்சமா முணுமுணுத்துக்கிட்டிருக்கு. அவ்வளவுதான்."

பஸ்ஸில் திரும்பும்போது மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். காவிரிப் பாலம் தாண்டும்போது, "பல்லா?" என்று மட்டும் கேட்டார்.

ஹெட்மாஸ்டருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஒருநாள் நான் போனபோது பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"குழந்தே, நீ சரியாத்தானே பாத்தே?"

"சரியாத்தான் பாத்தேன் சார். ரெண்டு தடவை."

"அந்த எட்டு?"

"அதுவும் சரிதான்."

"அப்போ விடை தப்பில்லே" என்றார். "கேள்விதான் வேற போல இருக்கு."

மாமா தினமும் போனார். நடை இல்லை, அம்மா மண்டபம் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். பேப்பரை வாசித்துக் காட்டுவார். கோயிலில் அன்றைக்கு என்ன புறப்பாடு, எந்த வாகனம் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். சாமி நம்பிக்கை மட்டாக இருந்தவர் வாகனங்களின் பெயரைத் தப்பில்லாமல் சொல்லப் பழகிக்கொண்டார். தப்பாகச் சொன்ன ஒருநாள் ஹெட்மாஸ்டர் படுத்தபடியே அரைமணி நேரம் வகுப்பெடுத்தாராம். அதற்காகவே மறுநாள் வேறொன்றைத் தப்பாகச் சொன்னதாக மாமா எங்களிடம் சொன்னார்.

அந்த மாதம் மாமா தம் முறைக்குக் கையை நீட்டினார். நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். "பழக்கம்மா, எடு" என்றார். எடுத்தேன். பல்லைப் பிடுங்கியிருந்தார், அதனால் இருக்கலாம். இருபத்தாறு வந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட முப்பதைத் தொடாதது. சாயங்காலம் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு உத்திர வீதிக்குக் கிளம்பினார். மாமிக்கு ஒரு மருந்து கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன்.

ஹெட்மாஸ்டர் மிகவும் தளர்ந்திருந்தார். பேச்சு மூச்சோடு சேர்ந்து வந்தது. மாமாவைப் பார்த்ததும், "ஓய், மாசம் பொறந்துடுத்தே. இந்தத் தடவை எத்தனை?" என்றார்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"அதை ஏன் கேக்குறீங்க சார். அறுபத்தெட்டு."

"அறுபத்தெட்டா?" ஹெட்மாஸ்டரின் கண்ணில் பழைய வகுப்பறை வெளிச்சம் வந்தது. "சொன்னா கேக்கணும். வாழைத்தண்டைக் கட்டிண்டு அழறீர். ரெண்டு வேளை கோயிலுக்கு வாரும்னு எத்தனை வருஷமாச் சொல்றேன்?"

"வரேன் சார். நாளைக்கே வரேன்."

"உம்மைக் கரையேத்தறது பெருமாளுக்கே கஷ்டம்" என்று சொல்லி அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மாமி ஓடி வந்து முதுகைத் தடவினாள். இருமல் நின்ற பிறகும் முகத்தில் சிரிப்பு இருந்தது. கையை நீட்டி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாக்கிரதையா இரும்."

மாமா வாழ்க்கையில் அளவைத் திருத்திச் சொன்னது அது ஒருமுறைதான் என்று நினைக்கிறேன். தாலுகா ஆபீசில் எத்தனையோ பேர் அவரைக் கெஞ்சியிருக்கிறார்கள், ஒரு சென்ட் நிலத்தைக் கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவர்.

தை பிறப்பதற்குள் ஹெட்மாஸ்டர் போய்விட்டார். மாமா காடு வரைக்கும் போய்விட்டு வந்து, கொல்லையில் குளித்துவிட்டு, அங்கேயே ஈரத் துண்டோடு வெகுநேரம் நின்றார். அத்தைதான் போய் உள்ளே அழைத்து வந்தாள்.

தெரு சும்மா இருக்கவில்லை. அதற்கு ஒரு எண் தேவையாக இருந்தது. ஹெட்மாஸ்டரின் பன்னிரண்டு அவரைக் கைவிட்டது தெரிந்ததும் ஈ.எஸ்.ஆர். மேல் எல்லோருக்கும் கோபம். கொஞ்ச நாளில் கொலஸ்டிரால் என்ற புதுப் பெயர் வந்து இறங்கியது. நெய்யை நிறுத்தினார்கள். எண்ணெயை நிறுத்தினார்கள். சுக்கு விலை இறங்கியது. எங்கள் முதலாளி புது மெஷின் வாங்கி, வாசலில் புது போர்டு மாட்டினார். பஸ் கண்டக்டர் டிக்கெட்டோடு தம் கொலஸ்டிராலையும் சொன்னார்.

மாமா அதற்குப் பிறகு என்னிடம் கையை நீட்டவில்லை. சாயங்காலம் தனியாக அம்மா மண்டபம் வரைக்கும் நடந்தார். போகும்போது கோயிலுக்குள் ஒரு நடை போய்விட்டுப் போவார். கும்பிடுவாரா, வெறுமனே நிற்பாரா, தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியத்திலிருந்து ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். மாமாவின் தம்பிக்குத் தெரிந்த விவசாயி. மாமாவுக்கு ஈ.எஸ்.ஆர். பற்றி எல்லாம் தெரியும் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். கையில் லேப் தாள், முகத்தில் கலவரம்.

"எழுபது காட்டுதுங்க. என்னங்க செய்யணும்? தண்டுச் சாறு குடிக்கட்டுமா?"

நானும் அத்தையும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தோம். பழைய பாடம் தொடங்கும், ஒரு மணி நேரம் ஆகும் என்று அத்தை காபிக்குத் தண்ணீர் வைத்தாள். மாமா தாளைக் கையில் வாங்கவே இல்லை.

"அதை அப்படி வைங்க. பசிக்குதா?"

"பசிக்குதுங்க."

"சாப்பிட்டா இறங்குதா? வேட்டி தளருதா?"

"இல்லீங்க. கால் மூட்டுத்தான் வீங்கிக்கிட்டு நடக்க முடியல."

"எங்கே, காட்டுங்க" என்று மாமா குனிந்து அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்திருக்க வேண்டும். "டாக்டர் இதைத் தொட்டுப் பாத்தாரா?"

"இல்லீங்க. தாளைப் பாத்துட்டு மாத்திரை எழுதிட்டாரு."

"எழுந்திருங்க" என்றார் மாமா. சட்டையை மாட்டிக்கொண்டார். "தொட்டுப் பாக்குற டாக்டர் ஒருத்தர் கண்டோன்மெண்ட்ல இருக்காரு. ஞாயித்துக்கெழமைன்னாலும் வீட்ல இருப்பாரு. வாங்க, போவோம்."

இருவரும் மெதுவாக நடந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்புவதை வாசலில் நின்று பார்த்தோம். வந்தவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். மாமா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் வேகத்துக்கே நடந்தார்.

"காபியைக் குடிச்சுட்டுப் போகக் கூடாதா" என்று அத்தை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.